மூன்று எட்டு கலந்த ரஸ்க்

கடையில் ஒரு பொட்டலத்தை எடுத்தால் மனிதர்கள் முன்பக்கத்தைப் பார்ப்பார்கள். அங்கே சிரிக்கும் குழந்தை இருக்கும், கோதுமைக் கதிர் இருக்கும், 'இப்போது இன்னும் மொறுமொறுப்பாக' என்று ஒரு வாக்குறுதியும் இருக்கும். லென்ஸ் சார் பொட்டலத்தை எடுத்தவுடன் குப்புறப் போட்டுவிடுவார். சட்டைப் பையிலிருந்து கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு கருப்பு உருளையை எடுத்துக் கண்ணில் ஒட்டிக்கொள்வார். அச்சகத்தில் மைப்புள்ளி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கக் கொடுத்த பூதக்கண்ணாடி அது. எறும்பு படிப்பதற்கென்றே அச்சடித்தது போன்ற கடைசி வரியில் என்னென்ன எண்கள் இருக்கின்றன என்று தேடுவார். அவருக்குப் பின்னால் வரிசை கடை வாசல் வரை நீளும்.

"சார், கொஞ்சம் நகர்றீங்களா?"

"உயிரோட இருக்கணுமா, சீக்கிரம் வீட்டுக்குப் போகணுமா? எது வேணும் உங்களுக்கு?"

"ரெண்டும் வேணும். நகருங்க."

அந்தக் கருப்பு உருளையால் வந்த பெயர்தான் லென்ஸ் சார். வீட்டில் வைத்த பெயரை அவர் மனைவியே கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

வயது ஐம்பத்தொன்று. லேபிள் அச்சடிக்கும் அச்சகத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பிழைதிருத்துபவர். சிவப்புப் பேனாவால் பார்த்து முடித்து, ஓரத்தில் 'சரி' என்று எழுதிக் கீழே ஒரு புழு நெளிந்தது போல் கையெழுத்துப் போட்டால்தான் இயந்திரம் ஓடும். ஒரு முறை, தரை துடைக்கும் திரவத்தின் லேபிளில் 'தினமும் இரு வேளை உணவுக்குப் பின் அருந்தவும்' என்று வந்திருந்தது. பக்கத்து டானிக் லேபிளிலிருந்து யாரோ வெட்டி ஒட்டியதில் நேர்ந்த கோளாறு. நாற்பதாயிரம் லேபிள் ஓடுவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் பிடித்து நிறுத்தியவர் அவர்தான். முதலாளி எல்லோர் முன்னாலும் கைகுலுக்கினார். அந்தக் கைகுலுக்கல்தான் வினையாகிவிட்டது. நான் பிடித்தது ஒன்று, பிடிக்காமல் விட்டது எத்தனையோ என்று அன்று முதல் உலகத்து லேபிள்கள் எல்லாவற்றின் மேலும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

சந்தேகத்துக்குத் தீனி போட அறுபத்து நான்கு வீட்டுக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழு இருந்தது. இளைஞர்கள் கல்யாணத்தைத் தள்ளிப்போடுவதற்குக் காரணம் ஐஸ்கிரீமில் போடும் பச்சை நிறம் என்று அவர் அங்கே நிரூபித்தார். தேர்தலில் கேட்ட வாக்குறுதி மறுவாரமே மறந்துபோவது தக்காளி சாஸால். ரொட்டியை மெத்தென்று ஆக்கும் பொடிதான் மக்களின் முதுகெலும்பையும் மெத்தென்று ஆக்குகிறது. குழுவில் எல்லோரும் கைகூப்பும் படம் போடுவார்கள். ரொட்டி வாங்குவதை மட்டும் யாரும் நிறுத்தவில்லை.

அவர் மனைவிக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை. "அங்க பூரா வாயைத் திறந்துட்டு வர்றவங்க. வீட்டுக்கு வந்தா இங்க ஒருத்தர் மூடவே மாட்டேங்கறார்" என்பாள். மகள் கல்லூரியில் முதல் வருடம். யார் குரலையும் ஒரு முறை கேட்டால் போதும், அப்படியே பேசிக் காட்டுவாள். அப்பா குரல் அவளுக்கு மிகச் சுலபம். நெற்றியைச் சுருக்கி, விரலைத் தூக்கி, "நண்பர்களே..." என்று தொடங்கினாளென்றால் அம்மா கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரிப்பாள்.

மனைவியின் தம்பி கொரியர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன். போன வருடம் வண்டியை விட்டுவிட்டு ரஸ்க் போடும் சின்ன பேக்கரி ஒன்றைத் தொடங்கினான். ஒரு அடுப்பு, நான்கு வேலையாட்கள். தத்தளித்துக்கொண்டிருந்தவனுக்கு ஒரு பள்ளிக்கூட ஆர்டர் கிடைத்தது. அறுநூறு பிள்ளைகள், காலை இடைவேளைக்கு ஆளுக்கு இரண்டு ரஸ்க். பள்ளிக்கூடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டது. சும்மா காகிதத்தில் சுற்றித் தரக் கூடாது, லேபிள் அடித்த பொட்டலம் வேண்டும்.

"மாமா, லேபிள் உங்க அச்சகத்துலதான். நான் கண்ணை மூடிக்கிட்டு இருக்கலாம்ல?"

"நீ மூடிக்கோ மாப்ள. கண்ணைத் திறந்து வெச்சிருக்கத்தானே எனக்குச் சம்பளம் குடுக்கறான்."

லேபிள் வந்தது, பள்ளிக்கூடத்துக்குப் பொட்டலம் போனது, அடுப்பு அணையாமல் எரிந்தது. அக்கா வீட்டுக்கு மட்டும் பொட்டலம் வராது. உடைந்த ரஸ்குகள் ஒரு எவர்சில்வர் டப்பாவில் வந்துவிடும். அதனால் அந்த லேபிளை லென்ஸ் சார் அச்சகத்துக்கு வெளியே பார்த்ததே இல்லை.

*

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. லென்ஸ் சாருக்குக் கடுமையான ஜலதோஷம். குடியிருப்பின் செகரெட்டரி குழுவில் ஒரு படம் போட்டார். ஏதோ ஒரு பொட்டலத்தின் பின்பக்கத்தில் ஒரே ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்த படம். எந்தப் பொட்டலம், யார் தயாரித்தது, ஒன்றும் தெரியாது. 'சேர்க்கை எண்: 888.' கீழே செகரெட்டரி கேட்டிருந்தார்: 'லென்ஸ் சார், இது என்ன?'

லென்ஸ் சார் பிளாஸ்டிக் உறை போட்ட பட்டியலை எடுத்தார். உணவில் சேர்க்கும் பொருள்களின் எண்கள் எல்லாம் அதில் உண்டு. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. இல்லை. உடம்பெல்லாம் புல்லரித்தது. இருபது வருடமாகக் காத்திருந்த பாம்பு புற்றை விட்டுத் தலையை நீட்டிவிட்டது! பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"நண்பர்களே... அவசரம். எட்டு, எட்டு, எட்டு. பட்டியல்ல இல்ல. ஏன் இல்ல? யோசிங்க. சாதாரண விஷமா இருந்தா பட்டியல்ல போட்டிருப்பானே! எட்டை நல்லா உத்துப் பாருங்க. என்ன மாதிரி தெரியுது? கைவிலங்கு. மூணு விலங்கு. அப்பாவுக்கு ஒண்ணு, அம்மாவுக்கு ஒண்ணு, புள்ளைக்கு ஒண்ணு. இதைத் தின்னா எதிர்த்துப் பேசற நரம்பு தளர்ந்துபோயிடும். யார் என்ன சொன்னாலும் 'சரி'ம்பீங்க. அதான் அவங்களுக்கு வேணும். ஹ... ஹ... ஹச்!"

மூன்று தும்மல். எப்போது தும்மினாலும் அவருக்கு மூன்றுதான். மூன்றாவது தும்மலின் முடிவில் ஒரு 'அம்மாடி' உண்டு.

யாரோ கேட்டார்கள்: 'அவங்கன்னா யாரு சார்?'

'அவங்கதான்' என்று பதில் போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"எந்த நரம்புங்க அது?" என்றாள் மனைவி.

"மூளைலேர்ந்து நாக்குக்குப் போறது."

"உங்களுக்கு அந்த வழில எதுவும் போறதில்லையே."

மறுநாளே அந்தக் குரல்பதிவு வேறு நான்கு குழுக்கள் வழியாக அவரிடமே திரும்பி வந்தது. போனபோது ஜலதோஷக்காரர், திரும்பியபோது 'பிரபல உணவு விஞ்ஞானி'. 'உயிருக்கு ஆபத்து இருப்பதால் மூக்கில் துணி கட்டிப் பேசுகிறார், நடுவில் தும்முவது போல் ரகசிய எச்சரிக்கை தருகிறார்' என்று முன்னுரை வேறு. லென்ஸ் சார் அதை முழுவதும் கேட்டார். எழுந்து போய் வாசல் கதவைத் தாழ்போட்டுவிட்டு வந்தார். 'இதைத்தான் நானும் சொன்னேன்' என்று எழுதி இன்னும் மூன்று குழுக்களுக்கு அனுப்பிவைத்தார்.

*

செவ்வாய்க்கிழமை அச்சகம். மேசையில் ஒரு சூப் பொடி லேபிள். பேனா தன்பாட்டுக்கு நகர்ந்தது. எடை, சரி. முகவரி, சரி. தேதிக்கு இடம், சரி. சேர்க்கை எண் வரியில் சிவப்பு வட்டம் போட்டு, ஓரத்தில் கேள்விக்குறி. அடுத்த வரிக்குப் போன பேனா நின்றது. மெதுவாகத் திரும்பி வந்தது.

வட்டத்துக்குள் 888.

அந்த அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாடிக்கையாளர் விவரம் தராத இடத்தில், வடிவமைப்பவர்கள் ஒரு பொம்மை எண்ணை வைத்துவிடுவார்கள். பிழைதிருத்துபவர் அதை வட்டமிட்டுக் கேள்வி கேட்பார், விவரம் வந்ததும் மாற்றுவார்கள். ஒரு நாளைக்குப் பத்து முறை வட்டமிடுகிற சமாசாரம். வட்டமிட்டு வட்டமிட்டு, அவர் கண்ணுக்கு அது எண்ணாகவே தெரிவதில்லை. சிவப்பு வட்டம் போட வேண்டிய இடம், அவ்வளவுதான். அச்சகத்துக் கண்ணை அச்சகத்திலேயே கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர், ஞாயிற்றுக்கிழமை படத்தில் பார்த்தது இதைத்தான் என்று இப்போதுதான் உறைத்தது.

அப்போதும் மனித மனம் சும்மா விட்டதா? 'அப்படியானால் நம் அச்சகமும் அவங்க கையாளா?' என்று இரண்டு நிமிடம் முதலாளியின் கண்ணாடி அறையையே வெறித்துப் பார்த்தார். முதலாளி எழுந்தே வந்துவிட்டார்.

"என்ன சார், பேயறைஞ்ச மாதிரி?"

"இந்த எட்டு எட்டு எட்டு... யாரு சொல்லி வெக்கிறாங்க?"

"நீங்கதான். மறந்துட்டீங்களா? முன்னாடி பூஜ்யம் வெச்சிட்டிருந்தோம். கண்ணுல குத்த மாட்டேங்குது, மூணு எட்டு வைங்கன்னு சண்டை போட்டது யாரு?"

வட்டம் போடாமல் வெளியே விட்டது எந்த லேபிள் என்று தேட லென்ஸ் சார் அலமாரிக்கு ஓடினார். கோப்புகளைப் புரட்டினார். 'ரஸ்க், 200 கிராம்.' மைத்துனன் பேக்கரியின் பெயர். சேர்க்கை எண் 888. பக்கத்தில் சிவப்பு வட்டமும் இல்லை, கேள்விக்குறியும் இல்லை. கீழே அழகாக, 'சரி'. அதன் கீழே புழு.

தேதியைப் பார்த்ததும் ஞாபகம் வந்துவிட்டது. அன்று அவர் ஒரு காதில் கருவியைச் செருகிக்கொண்டு, உப்பின் மூலம் உலகை ஆளப்போகிறவர்களைப் பற்றிப் பதினொரு நிமிடப் பதிவு ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தார். லேபிளின் பிழையைப் பார்க்க வேண்டிய நேரத்தில் உலகத்தின் பிழையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

*

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனால், மைத்துனன் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கையில் பள்ளிக்கூடத்துக் கடிதம்.

"ஆர்டரை நிறுத்தி வெச்சுட்டாங்க மாமா. நம்ம பொட்டலத்துலயும் அந்த மூணு எட்டு இருக்காம். வெள்ளிக்கிழமை பெத்தவங்க கூட்டம். அங்க வந்து பதில் சொல்லணுமாம். நான் என்னத்தைச் சொல்றது? மாவு, சர்க்கரை, ஈஸ்ட், கொஞ்சம் வெண்ணெய். வேற எதையும் நான் தொட்டதே இல்லையே. அந்த நம்பர் எப்படி வந்துச்சுன்னே தெரியல."

"பதறாத மாப்ள..."

"வெள்ளிக்கிழமை ஆர்டர் போச்சுன்னா அடுப்பை அணைச்சிட்டு மறுபடி கொரியர் வண்டிதான். நான் போயிடுவேன். அந்த நாலு பேரு எங்க போவாங்க? எல்லாம் இந்த மூக்கடைச்சவனாலதான். கேளுங்க இவனை."

கைபேசியைத் தட்டினான். 'நண்பர்களே... அவசரம்.' மகள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. மனைவி அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு வந்து கணவன் முகத்துக்கு நேரே நின்றாள். லென்ஸ் சார் மூச்சை அடக்கிக்கொண்டார். எவ்வளவு நேரம்தான் அடக்குவது?

"ஹச்! ஹச்! ஹச்... அம்மாடி!"

கைபேசியும் அதே நேரத்தில் 'அம்மாடி' என்றது.

மைத்துனன் கைபேசியைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான். மறுபடி கைபேசியைப் பார்த்தான்.

"மாமா... நீங்களா?"

"அது மட்டும் இல்ல மாப்ள."

"இன்னும் என்ன?"

"அந்த நம்பரும் நான்தான்." பையிலிருந்து கோப்பின் நகலை எடுத்து நீட்டினார். "நான் வட்டம் போட்டிருக்கணும். போடல."

மனைவிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"விஷம் வெச்சதும் நீங்க, விஷம் விஷம்னு கத்தினதும் நீங்க. நடுவுல என் தம்பி எதுக்குங்க?"

மைத்துனன் திட்டுவான் என்று காத்திருந்தார். அவன் திட்டவில்லை. குனிந்து, செருப்பில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிக்கொண்டே சொன்னான்: "நீங்க வந்து சொல்லுங்க மாமா. இதைக் காட்டி, இப்ப சொன்னதையே எல்லாரு முன்னாலயும் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அறுபத்து நான்கு வீட்டில் பாதிப் பேரின் பிள்ளைகள் அந்தப் பள்ளியில்தான். லென்ஸ் கண்ணுக்கே எட்டு தெரியவில்லை என்று மாடிப்படிக்கு மாடிப்படி சிரிப்பார்கள். அச்சகத்திலும் இனி யார் கைகுலுக்குவார்கள்? அவர் டப்பாவிலிருந்த உடைந்த ரஸ்க் ஒன்றை எடுத்தார், வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"வர்றேன்" என்றார்.

*

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக் கூடம் நிரம்பி, சன்னல் திண்டிலும் ஆள் உட்கார்ந்திருந்தது. தலைமை ஆசிரியை, "அமைதி, அமைதி" என்று ஏழு முறை சொன்னார். பிள்ளைகளை அதட்டிப் பழகிய குரல், ஆனால் பெற்றோரிடம் எடுபடவில்லை.

லென்ஸ் சார் மேடையேறினார். ஜலதோஷம் போய்க் குரல் தெளிந்திருந்தது. கோப்பின் நகலைத் தூக்கிக் காட்டினார். பொம்மை எண், சிவப்பு வட்டம், தன் கையெழுத்து, குரல்பதிவு, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். வாழ்க்கையில் முதல் முறையாக, தனக்குத் தெரிந்ததை மட்டும் பேசினார்.

"தப்பு என்னோடது. ரஸ்க்ல ஒண்ணும் இல்லைங்க" என்று முடித்தார்.

ஒரு தகப்பன் எழுந்தார்.

"எவ்வளவு குடுத்தாங்க சார்?"

"யாரு?"

"அவங்கதான்."

"எந்த அவங்க?"

"நீங்கதானே சொன்னீங்க, அவங்கன்னு!"

"அந்த விஞ்ஞானி இவரு இல்லைங்க!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "அவரு குரலே வேற. நான் அஞ்சு தடவை கேட்டிருக்கேன்."

லென்ஸ் சார் மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நண்பர்களே... அவசரம். எட்டு, எட்டு, எட்டு" என்று பேசிக் காட்டினார்.

"மிமிக்ரி பண்றாருய்யா!"

செகரெட்டரி முன் வரிசையிலிருந்து எழுந்து, மேடையருகே வந்து சொன்னார்: "சார், நாங்க இருக்கோம். பயப்படாதீங்க. உங்களை மிரட்டியிருந்தா வாயால சொல்ல வேணாம். ரெண்டு தடவை கண்ணைச் சிமிட்டுங்க, போதும்."

மூக்கை இறுக்கியதில் கண்ணில் நீர் கோத்திருந்தது. லென்ஸ் சார் சிமிட்டினார். ஒன்று. இரண்டு.

கூடம் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. கீழே நின்ற மைத்துனன், போயிற்று, அடுப்பு அணைந்தது என்று கண்ணை மூடிக்கொண்டான்.

அப்போது மூன்றாவது வரிசையில் ஒரு அம்மா கையைத் தூக்கினாள். தூக்கம் இல்லாத கண்கள், தோளில் இரண்டு பள்ளிப் பைகள்.

"எனக்கு ஒரு சந்தேகம். அதைச் சாப்பிட்டா... நிஜமாவே எதிர்த்துப் பேச மாட்டாங்களா?"

கூடத்திலிருந்த தலைகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின.

"இல்லைங்க, நான் சும்மா கேட்டேன். எங்க பெரியவனுக்கு இப்பதான் பதிமூணு."

"எத்தனை குடுக்கணும்?" என்றார் இன்னொருவர். "காலைலயா, சாயங்காலமா?"

"பெரியவங்க சாப்பிடலாமா? எங்க வீட்டுக்காரருக்கு."

"பக்க விளைவு ஏதாவது...?"

"அதான் சார் சொல்லிட்டாரே, ஒண்ணும் பண்ணாதுன்னு. பேப்பரே காட்டினாரே."

"அதுல ஒண்ணுமே இல்லைங்க!" என்று லென்ஸ் சார் மேடையிலிருந்து கத்தினார். "மாவு! சர்க்கரை! ஈஸ்ட்!"

"புரியுது சார்" என்றார் செகரெட்டரி, கண்ணைச் சிமிட்டி.

தலைமை ஆசிரியை தொண்டையைச் செருமினார். அறுநூறு பிள்ளைகளை முப்பது வருடம் மேய்த்த தொண்டை.

"பேக்கரி தம்பி, திங்கட்கிழமைலேர்ந்து ஆளுக்கு நாலு ரஸ்க்னா, உங்களால தர முடியுமா?"

*

லென்ஸ் சார் செய்த முதல் காரியம், லேபிளைத் திருத்தியது. 'சேர்க்கை: எதுவும் இல்லை.' மூன்று முறை படித்து, 'சரி' போட்டு, தானே இயந்திரத்தின் பக்கத்தில் நின்று ஓட்டினார். ஒரே வாரம். கூட்டத்துக்குப் பிறகு கேட்டு வாங்கிய கடைகளிலிருந்து பொட்டலங்கள் திரும்பி வர ஆரம்பித்தன.

"இது பழைய சரக்கு மாதிரி இல்லையாம் மாமா" என்று மைத்துனன் அச்சகத்துக்கே வந்துவிட்டான். "ஒரு அம்மா வந்து சண்டை போடறாங்க. நல்லா அடங்கியிருந்த வீட்டுக்காரர் மறுபடி பேச ஆரம்பிச்சுட்டாராம். மூணு எட்டு எங்கன்னு கேக்கறாங்க."

"பொய்யை எப்படி மாப்ள அச்சடிக்கிறது?"

"பின்பக்கம் நீங்க எழுதினது எழுதினபடி இருக்கட்டும். அது உண்மை. முன்பக்கம் ரஸ்க்குக்கு ஒரு பேரு வெச்சுக்கறேன். பேரு எதுவா வேணா இருக்கலாம்ல?"

இரண்டு நாளில் நகல் அவர் மேசைக்கு வந்தது. முன்பக்கத்தில் கோதுமைக் கதிர், சிரிக்கும் குழந்தை, நடுவே உள்ளங்கை அகலத்துக்குத் தங்க நிறத்தில், '888 ரஸ்க்'. சிவப்புப் பேனாவைப் பிடித்த கை அந்த மூன்று எட்டையும் சுற்றி வட்டம் போடத் துடித்தது. கட்டைவிரலை மேசையில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். லேபிளைக் குப்புறத் திருப்பினார். மாவு, சர்க்கரை, ஈஸ்ட், வெண்ணெய். சேர்க்கை எதுவும் இல்லை. அவர் வாழ்நாளில் பார்த்த லேபிள்களிலேயே அப்பழுக்கில்லாத பின்பக்கம். உலகத்தில் அதைப் படிக்கப்போகிறவர் அவர் ஒருவர்தான். 'சரி' என்று எழுதினார். கீழே புழு.

அடுப்பு இப்போது இரண்டு. வேலையாட்கள் ஏழு பேர். வீட்டுக்கு உடைந்த ரஸ்க் வருவதில்லை. பொட்டலமே வருகிறது.

முதல் பொட்டலத்தைப் பிரித்த அன்று, மனைவி தேநீரோடு இரண்டு ரஸ்க் வைத்தாள். லென்ஸ் சார் ஒன்றைத் தேநீரில் நனைத்துக் கடித்தார். அவர் மெல்லும் வரை காத்திருந்து அவள் கேட்டாள்:

"ஏங்க, அந்தக் குழுவுலேர்ந்து இன்னிக்கே வெளிய வந்துடுங்களேன்."

விழுங்கினார்.

"சரி."

"காதுல அந்தக் கருவியைச் செருகிக்கிட்டு வேலைக்கும் போக வேணாம்."

"சரி."

மனைவி மகளைப் பார்த்தாள். மகள் பொட்டலத்தைப் பார்த்தாள். முன்பக்கத்தைத்தான் பார்த்தாள்.

"அம்மா," என்றாள் அடங்கிய குரலில், "மாமாவுக்கு ஃபோன் போடு. இன்னும் ஒரு பெட்டி சொல்லு."